துப்பாக்கியின் மேல் உள்ள பெயரும் அதைச் செய்தவர் பெயரும்

பொருளைச் செய்பவர் ஒருவர், விற்பவர் மற்றொருவர் என்பது வாணிகம் தோன்றிய நாள் தொட்டு உலகில் உள்ள வழக்கம். பட்டுப் புடவை வாங்கச் செல்கிறோம். அதை மடித்துத் தரும் அட்டைப் பெட்டியின் மேல் கடையின் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. நெய்தவர் காஞ்சியில் எந்தத் தெருவினர், ஆரணியில் எந்தக் குடும்பத்தினர் என்ற செய்தி அப்பெட்டியில் இராது. புடவையைப் பொறுத்தவரை அதனால் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. ஆனால், வெடிமருந்தைத் தன் வயிற்றில் அடக்கி வெடிக்கச் செய்யும் ஒரு கருவியின் மேல் விற்றவர் பெயர் மட்டும் இருந்து, செய்தவர் பெயர் இல்லாமற் போனால் அக்குறை சிறிதன்று. அக்கருவியை எந்த உலோகத்தால், எந்த மருந்துக்காக, எந்தக் காலத்தில் செய்தார்கள் என்பதை அறியாமல் அதைத் தோளில் வைப்பவர் தம் கண்ணையும் கைவிரல்களையும் பணயம் வைக்கிறார்.

நம்மவரில் ராணுவத்திலும் ரயில்வேயிலும் காட்டிலாகாவிலும் பணியாற்றிப் பல மாநிலங்களில் குடியேறியவர்களின் வீடுகளில், பாட்டனார் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று உறையிலிட்டுக் காக்கப்பட்டு வருவதுண்டு. “இது இன்ன கம்பெனித் துப்பாக்கி” என்று பரம்பரையாகச் சொல்லி வருவார்கள். குழலின் மேல் உள்ள பெயரைக் கொண்டே அவ்வாறு சொல்கிறார்கள். அப்பெயர் செய்தவர் பெயர்தானா? அன்றாயின், மெய்யாகச் செய்தவரைக் கண்டறிவது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

கடைப் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் மிகுதியாகப் புழங்கிய நாடு அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அந்நாட்டின் சிற்றூர்களில் துப்பாக்கி வேண்டுபவர் உள்ளூர் இரும்புச் சாமான் கடைக்கே செல்வர். ஆணி, கலப்பைக் கொழு, விளக்கு, பூட்டு ஆகியவற்றோடு துப்பாக்கியும் அங்கே விற்கும். இச்சிறு கடைகளுக்குச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரிகள் சிகாகோ, செயின்ட் லூயி, லூயிவில், நாஷ்வில் போன்ற நகரங்களில் இருந்தனர். தபால் மூலம் நேரே வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் முறையும் அக்காலத்தில் வேரூன்றியது. 1872இல் தொடங்கிய மான்ட்கோமரி வார்டு, 1893இல் அப்பெயர் பெற்ற சியர்ஸ் ரோபக் ஆகிய சிகாகோ நிறுவனங்கள் அவற்றுள் தலையாயவை.

இவ்வியாபாரிகளில் பெரும்பாலோர் தாமே துப்பாக்கி செய்தவர் அல்லர். தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் வாங்கி, தாம் விரும்பிய பெயரை அவற்றின் மேல் பொறிக்கச் செய்தனர். இதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயருள்ள துப்பாக்கியை ஓர் ஊரில் இரு கடைகள் விற்றால், விலை கேட்பவர் இரண்டையும் ஒப்பிட்டுக் குறைந்த விலைக்கே வாங்குவர். ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு தனிப்பெயர் இருந்தால் ஒப்பீட்டுக்கு இடமில்லை. அன்றியும், துப்பாக்கி பிடித்துப் போனால் அடுத்த முறையும் அப்பெயரைக் கேட்டு அக்கடைக்கே வருவர். தொழிற்சாலைக்கும் இதில் ஆதாயம் இருந்தது. பெயர் பொறிக்கும் அச்சை மாற்றுவது ஒரு சிறு வேலை. அதனைச் செய்து கொடுத்தால் ஆண்டு முழுவதும் யந்திரங்கள் ஓயாமல் ஓடும்.

இத்தொழிலில் முதலிடம் பெற்றது கனெக்டிகட் மாநிலத்தில் நார்விச் நகரில் இருந்த கிரெசென்ட் துப்பாக்கிக் கம்பெனி. 1892இல் தோன்றிய இதனை, நியூயார்க்கில் பெரு வியாபாரியாக இருந்த எச். அண்டு டி. ஃபோல்சம் நிறுவனம் அடுத்த ஆண்டே தன்னுடையதாக்கிக் கொண்டது. அதன்பின் கிரெசென்ட் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த துப்பாக்கிகள் தாங்கிய பெயர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. “அமெரிக்கன் கன் கம்பெனி” என்று ஒரு பெயர். அப்பெயரில் தனித் தொழிற்சாலை ஏதும் இருந்ததில்லை. “நிக்கர்பாக்கர்” என்று ஒரு பெயர். அது நியூயார்க் வாசிகளுக்கு வழங்கிய பழைய செல்லப்பெயர். நாஷ்வில் நகரத்துக் கிரே அண்டு டட்லி நிறுவனம் தன் துப்பாக்கிக்கு “ஹெர்மிடேஜ்” என்று பெயரிட்டது. அந்நகரை அடுத்துள்ள ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் பழைய மாளிகையின் பெயர் அது. ஊர்ப் பெருமையைத் துப்பாக்கியில் ஏற்றி விற்றார்கள் என்பது தெளிவு.

எல்லாவற்றினும் வேடிக்கையானது “ரெவ்-ஓ-நாக்” என்னும் பெயர். இதனைப் படிப்பவர் ஏதோ ரஷ்ய நாட்டு ஆயுதம் என்று மயங்கக்கூடும். சிகாகோவில் ஹிப்பர்டு, ஸ்பென்சர், பார்ட்லெட் என்ற மொத்த வியாபார நிறுவனம் இருந்தது. அதன் பொறுப்பாளர்களில் ஒருவர் கானோவர். அப்பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி எழுதினால் கிடைப்பதே ரெவ்-ஓ-நாக். பெயரிலிருந்து ஊரையும் நாட்டையும் ஊகிப்பது எவ்வளவு பிழையாக முடியும் என்பதற்கு இஃதொன்றே போதும்.

கிரெசென்ட் மட்டுமன்றி, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிகோப்பி ஃபால்ஸ் ஊரில் இருந்த ஸ்டீவன்ஸ் கம்பெனியும், அதே மாநிலத்து அசோனெட் ஊரில் இருந்த டேவிஸ் கம்பெனியும் பிறர் பெயரில் துப்பாக்கிகள் செய்து கொடுத்தன. சியர்ஸ் நிறுவனமோ ஒரு படி மேலே சென்று, 1905 முதல் 1918 வரை மெரிடன் நகரில் தனக்கென ஒரு தொழிற்சாலையையே நடத்தியது. ஸ்டீவன்ஸை 1920இல் சாவேஜ் கம்பெனி வாங்கியது. கிரெசென்டும் டேவிஸின் வழிவந்த நிறுவனமும் ஒன்றாகி, 1930களின் தொடக்கத்தில் அவையும் அதே குடையின் கீழ் வந்து சேர்ந்தன. இவ்வாறு தொழிற்சாலைகள் ஒன்றையொன்று விழுங்கியபோது பழைய கணக்கேடுகளும் சிதறிப் போயின. கடிதம் எழுதிக் கேட்டால் விடை சொல்ல இன்று அங்கே எவரும் இல்லாமைக்கு இதுவே காரணம்.

மற்றொரு வகையும் உண்டு. பெல்ஜியம் நாட்டின் லியேழ் நகரமும் அதன் சுற்றுப்புறமும் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கே கூலி மலிவு, கைத்திறன் மிகுதி. அமெரிக்க வியாபாரிகள் அங்கிருந்து மலிவு விலைத் துப்பாக்கிகளை ஏராளமாக இறக்குமதி செய்தனர். இவற்றுள் பலவற்றின் மேல் புகழ் பெற்ற ஆங்கிலத் தொழிலாளர் பெயர்களை ஒத்த பெயர்களைப் பொறித்தனர். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்பது இங்கிலாந்தில் பெரும் பெயர், மலிவுத் துப்பாக்கியில் “டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்” என்று இருக்கும். டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் என்பது மற்றொரு பெரும் பெயர். மலிவுத் துப்பாக்கியில் ஒரு டபிள்யூ குறைந்திருக்கும். அமெரிக்காவிலேயே உயர்ந்த துப்பாக்கி செய்த பார்க்கர் சகோதரர்களின் பெயருக்கு எதிராக “சி. பார்க்கர்” தோன்றினார். சட்டத்தின் பிடிக்கு அகப்படாமல், வாங்குபவரின் கண்ணை மட்டும் அகப்படுத்தும் தந்திரம் இது. இதில் எச்சரிக்கை ஒன்று வேண்டும். ரிச்சர்ட்ஸ் என்ற பெயருடைய மெய்யான ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலாளரும் இருந்தனர். ஆகவே, பெயர் ஒன்றைக் கொண்டு துப்பாக்கி உயர்ந்தது என்றோ போலி என்றோ தீர்ப்புக் கூறுதல் தகாது.

இனி, செய்தவரைக் கண்டறியும் முறைக்கு வருவோம். முதற்கண், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து கொள்ள வேண்டும். எத்தனை ஆண்டு பரண்மேல் கிடந்ததாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை. பின்னர், குழலின் கீழே கைப்பிடியாக உள்ள மரத்துண்டைக் கழற்றிவிட்டுக் குழல்களைத் தனியே எடுக்க வேண்டும். வெளியே பளபளவென்று பொறித்திருக்கும் பெயர் வாங்குபவருக்காக எழுதியது. உண்மையைச் சொல்லும் எழுத்துகளோ குழல்களின் அடிப்புறத்தில், பின்வாயை ஒட்டிய தட்டையான பகுதியிலும், அது பொருந்தி அமரும் உலோகப் படுகையிலும் மறைந்து கிடக்கின்றன. அவை அத்தொழிலாளரும் சோதனை அதிகாரிகளும் தம்முள் படித்துக் கொள்வதற்காகக் குத்திய முத்திரைகள்.

அவற்றுள் முதன்மையானது சோதனை முத்திரை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் துப்பாக்கிக் குழலை விற்பனைக்கு விடுமுன், வழக்கமான அளவினும் மிகுந்த மருந்தை இட்டு வெடித்துப் பார்ப்பர். தாங்கிய குழலுக்கு முத்திரை. தாங்காத குழல் அங்கேயே சிதறும். லண்டனில் 1637இல் அரச பட்டயம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கமும், பர்மிங்காமில் 1813இல் பாராளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்ட சோதனைச் சாலையும் இவ்வேலையைச் செய்தன. லியேழ் நகரில் 1810ஆம் ஆண்டு நெப்போலியன் ஆணையால் சோதனை கட்டாயமாயிற்று. அமெரிக்காவிலோ இத்தகைய பொதுச் சோதனைச் சாலை ஏற்படவில்லை. அவ்வத் தொழிற்சாலை தானே சோதித்துக் கொண்டது.

இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது. குழலின் அடியில் முட்டை வடிவான கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது லியேழ் சோதனைச் சாலையின் முத்திரை. குழலின் மேல் எந்த ஆங்கிலேயர் பெயர் இருப்பினும் துப்பாக்கி அவ்வூர்ச் சோதனைக்கு உட்பட்டது. அம்முட்டை வடிவத்தின் மேல் முடி இல்லையேல் சோதனை நடந்தது 1893க்கு முன். முடி இருந்தால் அவ்வாண்டிலோ அதன் பின்னரோ என்று கொள்ளலாம். 1922 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஒன்றையும் அச்சாலையார் சேர்த்தனர். முடிக்குக் கீழே பி.பி., பி.வி. என்ற எழுத்துகள் இருப்பின் பர்மிங்காம், 1904க்குப் பிற்பட்டது. அதற்கு முன் அந்நகர முத்திரை, முடியோடு கூடிய இரு செங்கோல்கள் குறுக்காக அமைந்து, இடையிடையே எழுத்துகள் பெற்றிருக்கும். முடியின் கீழ் ஜி.பி. என்று பின்னிய எழுத்துகள் லண்டனுக்கு உரியவை. 1875 முதல் 1887 வரை, வாய் சற்றுக் குறுகிய குழல்களில் “தனிக்குண்டுக்கு அன்று” என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களையும் பர்மிங்காமிலும் லண்டனிலும் பொறித்தனர். இத்தகைய முத்திரை எதுவுமே இல்லாத கடைப்பெயர்த் துப்பாக்கி பெரும்பாலும் அமெரிக்காவில் செய்ததாகவே இருக்கும்.

ஈண்டு, புதிதாகப் பழகுவோர் விழும் குழி ஒன்றைச் சொல்ல வேண்டும். லியேழ் துப்பாக்கிகளில் சிறு முடியோ விண்மீனோ மேலே இருக்க, அதன் கீழ் ஒற்றை எழுத்து ஒன்று பல இடங்களில் காணப்படும். இதனைச் செய்தவரின் தலைப்பெழுத்து என்று எண்ணிப் பலர் ஊர் ஊராகத் தேடியதுண்டு. அது சோதனைச் சாலை மேற்பார்வையாளரின் அடையாளமேயன்றி வேறில்லை. அஞ்சல் தலையின் மேல் உள்ள தபாலாபீஸ் முத்திரையைப் பார்த்துக் கடிதம் எழுதியவர் யார் என்று தேடுவதற்கு இஃது ஒப்பாகும்.

நாட்டின் பெயரும் காலத்தைக் காட்ட உதவும். அமெரிக்காவில் 1890இல் நிறைவேறிய சுங்கச் சட்டம் ஒன்று, அயல்நாட்டுச் சரக்கு ஒவ்வொன்றிலும் அது பிறந்த நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. அவ்விதி 1891 மார்ச்சு முதல் நடப்புக்கு வந்தது. ஆகவே, “பெல்ஜியம்” என்ற சொல் காணும் அமெரிக்க இறக்குமதித் துப்பாக்கி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது.

உதாரணம் ஒன்றைக் கொண்டு இவ்வாராய்ச்சியை நடத்திப் பார்ப்போம். வெளிப்புறத்தில் குதிரைகள் இரண்டு உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று நம்மிடம் உளது, அமெரிக்காவிலிருந்து வந்தது. பூட்டுத் தகட்டில் “டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்” என்று காண்கிறது. குழலின் அடியில் முடியில்லாத முட்டை வடிவில் ஈ.எல்.ஜி. முத்திரை உளது. நாட்டின் பெயர் எங்கும் இல்லை. முத்திரையைக் கொண்டு பார்த்தால் லியேழ் நகரம், 1893க்கு முன். நாட்டின் பெயர் இன்மையைக் கொண்டு பார்த்தால் அது அமெரிக்கக் கரையேறியது 1891க்கு முன்னராக இருக்கலாம். புகழ் பெற்ற ஆங்கிலக் கம்பெனிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயரை மட்டும் நம்பியிருந்தால் நாட்டையே மாற்றிச் சொல்லியிருப்போம். முத்திரை நம்மைச் சரியான ஊருக்கு அழைத்துச் சென்றது.

முத்திரையற்ற அமெரிக்கத் துப்பாக்கியில் ஆராய்ச்சி வேறு வழியில் செல்ல வேண்டும். பெயரை மாற்றுவது எளிது. யந்திர அமைப்பை மாற்றுவது எளிதன்று. குழல்கள் மடங்கும் கீல், அவற்றை இறுக்கும் பூட்டு, கீழ்க்கட்டையைப் பிடிக்கும் கொக்கி, விசையின் மேலே உள்ள உள்ளுறுப்புகள் ஆகியவற்றை ஒரு தொழிற்சாலை தன் அச்சுகளின்படியே செய்யும். கிரெசென்ட் என்றே பெயர் தாங்கிய துப்பாக்கி ஒன்றையும் பெயரறியாத துப்பாக்கியையும் அருகருகே வைத்து உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது புலனாகும். இரண்டும் கைக்குக் கிட்டாவிடில் பழைய விலைப்பட்டியல்களின் படங்கள் துணை செய்யும். சியர்ஸ் நிறுவனத்தின் 1897, 1902, 1908 ஆண்டு விலைப்பட்டியல்கள் பிற்காலத்தில் மறுபதிப்புப் பெற்றுள்ளன. துப்பாக்கி சேகரிப்போர் தொகுத்த கடைப்பெயர் அகராதிகளும் உண்டு. அவ்வகராதிகளை இறுதியிலேயே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில், ஒரே கடைப்பெயரை ஒரு வியாபாரி ஓர் ஆண்டு ஒரு தொழிற்சாலைத் துப்பாக்கிக்கும், விலை குறைந்தபோது மற்றோர் ஆண்டு மற்றொரு தொழிற்சாலைத் துப்பாக்கிக்கும் இட்டதுண்டு. முதலிலேயே அகராதியைத் திறப்பவர், அதில் கண்ட விடைக்கு ஏற்பத் துப்பாக்கியைப் பார்ப்பார்.

தொடரெண்ணை மிகுதியாக நம்புதலும் கூடாது. 1968இல் அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கும் வரை, மலிவுத் துப்பாக்கிகள் பலவற்றில் தொடரெண்ணே இருந்ததில்லை. எண் இருந்தாலும், அதனை ஆண்டோடு பொருத்திக் காட்டும் ஏடு பெரும்பாலும் எஞ்சவில்லை. குழலிலும் படுகையிலும் கீழ்க்கட்டையிலும் ஒரே எண் இருந்தால், இம்மூன்றும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்று அறிகிறோம். அந்த அளவில் தொடரெண் பயனுடையது.

நிற்க. கடைப்பெயர் வழக்கம் நம் நாட்டுக்கும் புதிதன்று. லண்டனில் 1871இல் படை அதிகாரிகளுக்கென்று தோன்றிய ஆர்மி அண்டு நேவி கூட்டுறவுச் சங்கம், 1891இல் பம்பாயில் கடை திறந்தது. அச்சங்கத்தின் பெயர் பொறித்த துப்பாக்கிகளில் பல பர்மிங்காம் வெப்ளி அண்டு ஸ்காட் தொழிற்சாலையில் செய்தவை. கல்கத்தாவில் மான்டன், ரோடா ஆகிய கடைகளும், சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரங்களுக்குப் பேர்போன பி. ஆர் அண்டு சன்ஸும் இங்கிலாந்திலிருந்து தருவித்த துப்பாக்கிகளைத் தம் பெயர் பொறித்து விற்றன. “பாட்டனார் சென்னையில் செய்த துப்பாக்கி வாங்கினார்” என்று ஒரு குடும்பத்தார் சொல்வாராயின், குழலைக் கழற்றிப் பர்மிங்காம் முத்திரை உண்டா என்று பார்ப்பது நலம்.

விற்றவர் பெயர் செய்தவர் பெயரை மறைப்பதற்கு நம் தேச சரித்திரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1914 ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்திறங்கிய சரக்கிலிருந்து 50 கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர் கடத்திச் சென்றனர். அக்கைத்துப்பாக்கிகள் ஜெர்மனியில் மாசர் தொழிற்சாலையில் செய்தவை. ஆயினும், சரித்திர நூல்கள் அந்நிகழ்ச்சியை இன்றளவும் ரோடா பெயராலேயே குறிக்கின்றன.

இத்தனை முயற்சியும் எதற்காக என்று சிலர் கேட்கலாம். விலைமதிப்பு ஒரு காரணம். பெரிய பெயர் என்று எண்ணி மலிவுத் துப்பாக்கிக்கு மிகுந்த பொருள் கொடுப்பவரும் உண்டு. நல்ல பர்மிங்காம் வேலைப்பாட்டைக் கடைச் சரக்கு என்று அற்ப விலைக்குத் தள்ளுபவரும் உண்டு. ஆனால் பெரிய காரணம் உயிர்ப் பாதுகாப்பே. பழங்காலக் குழல்கள் பல, இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கி, ஒரு தண்டின் மேல் கயிறு போலச் சுற்றி, உலையில் இட்டு அடித்து ஒட்டியவை. இவற்றை டமாஸ்கஸ் குழல் என்பர். அலையலையான அழகிய கோலம் இவற்றின் மேல் தெரியும். மலிவுத் துப்பாக்கிகளில் வெறும் குழலின் மேல் இக்கோலத்தை வரைந்து ஏமாற்றியதும் உண்டு. இவை கரிமருந்துக் காலத்தவை. 1890களில் பரவத் தொடங்கிய புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்கு என்று செய்தவை அல்ல. அன்றியும், பட்டைகள் ஒட்டிய இடங்களில் நூறாண்டுத் துரு உள்ளே ஓடியிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

தோட்டாவின் நீளமும் கவனிக்கத் தக்கது. 12 போர் என்றால், ஒரு ராத்தல் ஈயத்தில் சம அளவாக 12 உருண்டைகள் செய்தால் அவற்றுள் ஒன்று குழலுக்குச் சரியாக இருக்கும் என்பது பொருள். அகலம் ஒன்றாயினும் நீளம் ஒன்றன்று. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இக்காலத் தோட்டாக்களில் மிகுதியானவை 70 மில்லிமீட்டர். இந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பின் உள்ள நீளம். வெடிக்குமுன் வாய் மடிந்து குட்டையாக இருக்கும். ஆகவே, பழைய துப்பாக்கியில் புதிய தோட்டா தடையின்றி நுழைந்துவிடும். வெடிக்கும்போது விரிய இடமின்றிக் குழலின் குறுகிய பகுதியில் அடைத்துக் கொண்டு, அழுத்தம் அளவு கடந்து உயரும். “நுழைகிறதே, சரியாகத்தான் இருக்கும்” என்று எண்ணுவது ஆபத்து. லூயிவில் நகரத்துப் பெல்க்னாப் நிறுவனம் “நைட்ரோ ஹன்டர்” என்ற பெயரில் துப்பாக்கி விற்றது. நைட்ரோ என்பது புகையில்லா மருந்தைக் குறிக்கும் சொல். வியாபாரி இட்ட பெயர் சோதனைச் சாலை இட்ட முத்திரைக்கு ஈடாகாது. செய்தவர் யார், காலம் எது என்று தெரிந்த பின்னும், தேர்ந்த துப்பாக்கிப் பணியாளர் அளந்து பார்த்துச் சொல்லும் வரை இத்தகைய துப்பாக்கியில் தோட்டா இடாதிருப்பதே அறிவுடைமை.

முத்திரைகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்ப்பவர் உளர். அவர் சாட்சியையே அழிக்கிறார். மெல்லிய எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, சாய்வாக விளக்கொளி படும்படி வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் போதும். தேய்ந்த முத்திரையின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தாலும் உருவம் எழும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருவர் வைத்துக் கொள்ளத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பழம்பொருளாகி, பழுது பார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ள ஆயுதத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. பாட்டனார் காலத்தது என்பதனால் மட்டும் சுடக்கூடிய துப்பாக்கி உரிமத்திலிருந்து விடுபடாது. ஆகவே ஆராய்ச்சிக்கு முன்னர் உரிமம் ஒழுங்காக உள்ளதா என்று பார்த்துக் கொள்வது குடும்பத்துக்கு நன்று.

இறுதியாக ஒன்று. செய்தவர் யார் என்று தேடுகிறோம். ஆனால் செய்தவர் ஒருவர் அல்லர். லியேழ் சுற்றுப்புறத்தில் வெஸ்தர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கிராமங்களில் குழல் அடிப்பவர் இருந்தனர். பூட்டுக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர், சித்திரம் செதுக்க ஒருவர் என்று பலர் தத்தம் வீட்டிலும் சிறு பட்டறையிலும் இருந்து வேலை செய்தனர். பர்மிங்காமிலும் அவ்வாறே. குழலின் அடியில், சோதனை முத்திரைகளுக்கு அப்பால், சிறியனவாக இரண்டு மூன்று எழுத்துகள் சில வேளை காணப்படும். அது அக்குழலை அடித்தவன் தன் கைவேலைக்கு இட்ட அடையாளமாக இருக்கலாம். அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் யான். நாள்தோறும் எழுதும் பக்கங்களில் எவற்றின் கீழும் என் பெயர் இராது. இருக்க வேண்டுவதும் இல்லை. ஆயினும், ஒரு சொல்லுக்குச் சரியான சொல் அமைந்த நாளில் உண்டாகும் மனநிறைவை யான் அறிவேன். வாங்குபவர் எவரும் பாராத இடத்தில் தன் எழுத்தைக் குத்திவிட்டுச் சென்ற அத்தொழிலாளியின் மனத்தை உணர அது போதுமானது.

உங்கள் வீட்டில் அத்தகைய துப்பாக்கி இருக்குமாயின், குழலின் மேற்புறத்துப் பெயரை மட்டும் குடும்பச் சரித்திரத்தில் எழுதி வைக்காதீர்கள். அடிப்புறத்து முத்திரைகளையும் ஒரு தாளில் வரைந்து, கண்ட நாளையும் குறித்து, உரிமத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த தலைமுறையினர் அதைக் கையில் எடுக்கும்போது, அது எந்த ஊரில் சோதனைக்கு உட்பட்டது, எந்த மருந்துக்கு உரியது, எதற்கு உரியதன்று என்பதை அத்தாள் அவர்களுக்குச் சொல்லும்.